கூலி வாங்காத கால்கள்: கிளாஸ்கோவிலிருந்து லண்டன் வரை

முதல் நாள், கிளாஸ்கோ

கிளாஸ்கோ சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் குடையை விரித்தேன். ஒரே வீச்சில் காற்று அதைப் பின்புறமாக மலர்த்திவிட்டது. சுற்றிலும் பார்த்தால் குடை பிடித்தவன் நான் ஒருவன்தான். ஊர்க்காரர்கள் மழையைப் பொருட்படுத்தாமல் நடந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரல் என்று பெயர்; விரல்கள் விறைக்கின்றன.

இந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் கால்பந்துப் பித்தர்களின் நாவில் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு பெயர்கள்தான் வரும். நான் தேடி வந்தது மூன்றாவது கிளப்பை. வயதில் அதுதான் மூத்தது: குவீன்ஸ் பார்க். ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கால்பந்து கிளப். 152 ஆண்டுகள் தன் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் என்று ஒரு பென்னிகூடக் கொடுக்காமல், அதில் முக்கால்வாசிக் காலம் சம்பளம் வாங்கும் அணிகளோடு மல்லுக்கு நின்ற கிளப்.

1867 ஜூலை 9, இரவு எட்டரை மணி. எக்ளின்டன் டெரஸ் மூன்றாம் எண் வீட்டில் சிலர் கூடி, கால்பந்து கிளப் ஒன்று தொடங்குவது என்று முடிவெடுத்தார்கள். தொடங்குவதில் தகராறு இல்லை; பெயர் வைப்பதில்தான் நெடுநேரம் விவாதம். 'கெல்ட்ஸ்' என்றார்கள், 'நார்தர்ன்' என்றார்கள், 'மோரேஷயர்' என்றார்கள். கடைசியில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் குவீன்ஸ் பார்க் வென்றது. தோற்ற பெயர்களில் ஒன்றின் சாயலில் இருபது ஆண்டு கழித்து இந்த நகரத்தில் வேறொரு கிளப், செல்டிக், பிறந்து உலகப்புகழ் பெற்றது. பெயர்களுக்கும் தலைவிதி உண்டு போலிருக்கிறது.

சாயங்காலம் மழை சற்று ஓய்ந்ததும் அந்தப் பெயருக்குக் காரணமான பூங்காவுக்குப் போனேன். ரயிலில் சில நிமிடத் தூரம்தான். பெயரிலுள்ள ராணி விக்டோரியா இல்லை, ஸ்காட்லாந்தின் மேரி. 1568இல் இதை ஒட்டிய லாங்சைடில்தான் அவள் தன் கடைசிப் போரில் தோற்றாள். தோற்ற ராணியின் பெயரைச் சுமந்துகொண்டு, நெடுங்காலம் தோல்வியே அறியாமல் ஆடியது ஓர் அணி.

கொடிக்கம்பம் நிற்கும் மேட்டில் ஏறினால் நகரம் முழுவதும் கீழே ஈரமாகக் கிடக்கிறது. புல்வெளியில் பையன்கள் நான்கைந்து பேர் பைகளைக் கோல் கம்பங்களாக வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்த வட்டாரத்துப் புல்தரையில்தான் அந்த முதல் ஆட்டக்காரர்களும் பந்துதைத்தார்கள். எதிர்த்து ஆட வேறு கிளப் கிடைக்கவே ஓராண்டு பிடித்தது. 1868 ஆகஸ்ட் 1 அன்று திஸில் என்ற கிளப்போடு முதல் ஆட்டம், ஒரு பக்கத்துக்கு இருபது பேர். இன்றைய கண்ணுக்கு அது கால்பந்தாகத் தெரியாது. சந்தைக்கடை நெரிசலாகத் தெரியும். குவீன்ஸ் பார்க் 2–0 என்று வென்றது.

கிளப்பின் குறிக்கோள் வாசகம் லத்தீனில் இருக்கிறது: லூதெரே காவ்ஸா லூதெந்தி. ஆடுவதற்காகவே ஆடுதல். இதைத் தமிழில் விளக்கவே தேவையில்லை. 'விளையாட்டாகச் செய்தேன்' என்றாலே பயனை எண்ணாமல் செய்தேன் என்றுதான் பொருள். ஆனால் இவர்கள் விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள், மூன்று ஹாம்ப்டன்கள்

ஹாம்ப்டன் பார்க் என்றால் இன்று ஸ்காட்லாந்தின் தேசிய மைதானம். உண்மையில் அந்தப் பெயரில் மூன்று மைதானங்கள் இருந்தன. மூன்றையும் அமைத்தது குவீன்ஸ் பார்க். மூன்றும் ஒரு காலை நடையில் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

கிராஸ்ஹில் நிலையத்தில் இறங்கி முதலாவதைத் தேடினேன். இருமுறை அதே தெருவைச் சுற்றி வந்துவிட்டேன். பெரிய பலகையை எதிர்பார்த்து வந்தவன் கண்ணில் பட்டது, பந்துகளை உருட்டி ஆடும் 'பௌல்ஸ்' விளையாட்டுக்கான சதுரப் புல்தரையும் ஒரு சிறிய கட்டடமும்தான். 1873 முதல் 1883 வரை இதுதான் ஹாம்ப்டன் பார்க். பக்கத்துக் கட்டட வரிசையின் பெயர் ஹாம்ப்டன் டெரஸ். அது 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய நாடாளுமன்றத் தலைவர் ஜான் ஹாம்ப்டனின் நினைவாக வைத்த பெயர். இங்கிலாந்தைத் தோற்கடிப்பதையே பெருமையாகக் கொண்ட ஒரு நாடு தன் கால்பந்துக் கோயிலுக்கு ஆங்கிலேயர் ஒருவரின் பெயரை வைத்திருக்கிறது. அதைப் பற்றி இங்கே யாரும் வருத்தப்படுவதாகத் தெரியவில்லை.

சுவரில் ஓர் ஓவியம். 1882 மார்ச்சில் இதே தரையில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 5–1 என்று வென்ற ஆட்டம். கருநீலச் சட்டைக்காரர்களில் ஒருவர் கறுப்பினத்தவர்: ஆண்ட்ரூ வாட்சன். சர்வதேசக் கால்பந்தில் ஆடிய முதல் கறுப்பினத்தவர், குவீன்ஸ் பார்க் ஆட்டக்காரர். கொஞ்ச நேரம் அவர் எதிரே நின்றேன். இந்தப் பயணத்தில் இனியும் அவரைச் சந்திப்பேன் என்று தோன்றுகிறது.

ரயில்பாதை இந்த நிலத்தின் வழியே வந்ததால் கிளப் இடம் மாற வேண்டியதாயிற்று. நான் வந்திறங்கிய அதே பாதைதான். மைதானத்தை விழுங்கிய ரயிலில் ஏறித்தான் மைதானத்தைப் பார்க்க வந்திருக்கிறேன்.

இரண்டாவது ஹாம்ப்டன் இப்போது கேத்கின் பார்க் என்ற பொதுப்பூங்கா. இதைத்தான் சொல்ல வேண்டும். மரங்களுக்கிடையே நடந்துபோனால் திடீரென்று ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவே கால்பந்துத் தரை. சுற்றிலும் ரசிகர்கள் நின்று பார்த்த படிக்கட்டுகள். காங்கிரீட் விளிம்புகளில் பாசி. சாய்ந்து நிற்க அமைத்த இரும்புக் கம்பிகள் இன்னும் நிற்கின்றன. படிகளுக்கு மேலே ஆட்களுக்குப் பதிலாக மரங்கள் வரிசை வரிசையாக நின்று ஆட்டம் பார்க்கின்றன.

குவீன்ஸ் பார்க் 1903இல் இந்த இடத்தை விட்டுப் போன பிறகு தர்ட் லனார்க் என்ற கிளப் இங்கே குடியேறியது. படைப்பிரிவு ஒன்றின் தொண்டர்கள் தொடங்கியது அது. 1904இல் ஸ்காட்லாந்து லீக் பட்டம், மறு ஆண்டே கோப்பை. சம்பளம் கொடுத்து ஆடவைத்த, முறையான தொழில்முறைக் கிளப். 1967இல் நிர்வாகச் சீர்கேட்டால் அடியோடு அழிந்துபோனது. ஒரு பைசா கொடுக்காத கிளப் பிழைத்தது, கொடுத்த கிளப் மாண்டது என்று எழுதக் கை துடிக்கிறது. அது அவ்வளவு எளிய கணக்கில்லை என்பதும் தெரியும். ஒரு நாய் பந்தைக் கவ்விக்கொண்டு நடுவட்டத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் உரிமையாளர் கெஞ்சியும் கொடுக்கவில்லை.

மூன்றாவது ஹாம்ப்டனுக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது. ஏதோ நிகழ்ச்சிக்கான ஏற்பாடு, இன்று பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. முன்கூட்டியே விசாரிக்காதது என் தவறு. நாளை வருகிறேன்.

மூன்றாம் நாள், ஹாம்ப்டன் பார்க்

இன்று உள்ளே விட்டார்கள். மைதானத்தோடு சேர்ந்தே ஸ்காட்லாந்து கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது. 1872இல் நடந்த உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டத்தின் நுழைவுச்சீட்டு அங்கே கண்ணாடிக்குள் கிடக்கிறது. பக்கத்தில் ஸ்காட்டிஷ் கோப்பை. கால்பந்தில் இன்றும் எஞ்சியிருக்கும் தேசியக் கோப்பைகளில் மிகப் பழையது இதுதான். கைக்கு அடக்கமான வெள்ளிப் பாத்திரம். இன்றைய கோப்பைகளின் ஆடம்பரம் இல்லை. 1874இல் முதன்முதல் இதைத் தூக்கியது குவீன்ஸ் பார்க். அடுத்த இரண்டு ஆண்டும் அதுவே. 1893க்குள் பத்து முறை. அந்த ஆண்டுதான் ஸ்காட்லாந்தில் தொழில்முறைக் கால்பந்து சட்டபூர்வமானது. அதற்குப் பிறகு ஒரு முறைகூட இல்லை. காசு உள்ளே வந்த நாளும் கோப்பை வெளியே போன நாளும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதைப் பார்த்து, ஆண்டுகளை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

லீக் 1890இல் தொடங்கியபோது குவீன்ஸ் பார்க் சேர மறுத்தது. லீக் வந்தால் பின்னாலேயே சம்பளம் வரும் என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான், வந்தது. பத்து ஆண்டு பிடிவாதமாக ஒதுங்கியிருந்துவிட்டு 1900இல் சேர்ந்தார்கள், அப்போதும் சம்பளமில்லாமல்.

இந்த அணிக்குக் கட்டுப்பெட்டி என்று பெயர் வைத்துவிடலாம் என்று நினைத்தால், திரும்பினால் எதிரே நிற்கிறது ஹாம்ப்டன். 1903 அக்டோபர் 31 அன்று செல்டிக்கை 1–0 என்று தோற்கடித்து இந்த மைதானத்தைத் திறந்தார்கள். ரியோவில் மரக்கானா வரும்வரை, அதாவது 1950 வரை, உலகிலேயே பெரிய கால்பந்து மைதானம் இதுதான். 1937இல் ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டத்துக்கு 1,49,415 பேர். 1960இல் ரியல் மாட்ரிட் 7–3 என்று பிராங்க்பர்ட்டை நொறுக்கிய ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டமும் இங்கேதான். இத்தனைக்கும் சொந்தக்காரர், ஆட்டக்காரனுக்குக் காசு தராத ஒரு சிறு கிளப்.

பார்வையாளர் படிகளில் உட்கார்ந்து பார்த்தேன். இப்போது எல்லாம் இருக்கைகளாகிவிட்டன, ஐம்பதாயிரத்துச் சொச்சம். குவீன்ஸ் பார்க் இங்கே ஆடிய சாதாரண லீக் ஆட்ட நாட்களில் சில நூறு பேர் மட்டும் ஒரு மூலையில் குவிந்து உட்கார்ந்து கத்துவார்களாம். கத்தியது எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வருமாம். பெரிய மண்டபத்தில் நான்கு பேருக்குக் கச்சேரி நடப்பதை நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஆடி வளர்ந்தவர்களின் பெயர்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் மேலாளர் சர் அலெக்ஸ் பெர்குசன் பதினாறு வயதில் தன் ஆட்டவாழ்வைத் தொடங்கியது இந்தக் கறுப்பு வெள்ளை வளையச் சட்டையில்தான். வளையங்கள் 1873இல் வந்தவை. ஆதரவாளர்கள் அணியை 'ஸ்பைடர்ஸ்' என்கிறார்கள். ஆண்டி ராபர்ட்சன் 2012இல் இங்கே ஆடிக்கொண்டே இதே கட்டடத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை பார்த்தார். ஏழு ஆண்டுக்குள் லிவர்பூல் அணியோடு சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார்.

கிளப்புக்கு இதில்தான் சிக்கல். சம்பளம் இல்லாத இடத்தில் ஆட்டக்காரரைக் கட்டிப்போடும் ஒப்பந்தமும் இல்லை. பத்து வயதிலிருந்து ஒரு பையனை வளர்த்து ஆளாக்கினால், பெரிய கிளப் வந்து கையோடு அழைத்துக்கொண்டு போய்விடும். 2019 நவம்பரில் உறுப்பினர்கள் கூடி வாக்களித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர், சம்பளமில்லாமல் ஆடும் 'அமெச்சூர்' நிலையைக் கைவிடலாம் என்றார்கள். அடுத்த ஆண்டு ஹாம்ப்டன் பார்க் 50 லட்சம் பவுண்டுக்கு ஸ்காட்லாந்து கால்பந்து சங்கத்தின் கைக்குப் போனது. பெயரை ஒரு வாக்கில் தேர்ந்தெடுத்த கிளப், கொள்கையை ஏறத்தாழ ஒருமனதாக விட்டது.

இதைப் படிக்கும்போது வருத்தம் வரும் என்று நினைத்துத்தான் வந்தேன். வரவில்லை. குறிக்கோள் வாசகம் மட்டும் சின்னத்தில் அப்படியே இருப்பதைப் பார்த்தபோதுதான் என்னவோ செய்தது.

நான்காம் நாள், பார்டிக்

சிறிய பயணம். சுரங்க ரயிலில் ஏறி மேற்கே ஹாமில்டன் கிரசன்ட். கிரிக்கெட் மைதானம், பூட்டிய வாசல், வேலிக்கு வெளியே நான். 1872 நவம்பர் 30 அன்று ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் முதன்முதலாக மோதிய இடம். ஸ்காட்லாந்து அணியின் பதினோரு பேரும் குவீன்ஸ் பார்க்காரர்கள். அப்போது கிளப்பின் சட்டை கருநீலம். அதையே நாட்டுக்காகவும் போட்டுக்கொண்டார்கள். ஸ்காட்லாந்து இன்றுவரை அந்த நிறத்தில்தான் ஆடுகிறது. கிளப் வளையத்துக்கு மாறிவிட்டது, நாடு மாறவில்லை.

தலையில் சிவப்புக் குல்லாய் வேறு. கோல் கம்பங்களுக்கு மேலே குறுக்குக் கட்டைக்குப் பதில் நாடா கட்டியிருந்தார்கள். சுமார் நாலாயிரம் பேர் பார்த்தார்கள். ஒரு கோலும் விழவில்லை. ஆனால் ஆங்கிலேயர்கள் ஆளுக்கொரு முறை பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு தனியாக ஓடியபோது, எடையில் குறைந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் பந்தைத் தட்டிக் கொடுத்தார்கள். இன்று நாம் 'பாஸ்' என்று சாதாரணமாகச் சொல்லும் ஆட்டமுறை வளர்ந்ததில் குவீன்ஸ் பார்க்குக்குப் பெரும் பங்குண்டு. பின்னாளில் இங்கிலாந்தின் தொழில்முறை அணிகள் அந்த வித்தைக்காகவே ஸ்காட்லாந்துக்காரர்களைக் காசு கொடுத்து அழைத்துக்கொண்டன. ஆசிரியர் சம்பளம் வாங்கவில்லை, மாணவர்கள் வாங்கினார்கள்.

அன்றைய ஆட்டத்தின் புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. படம்பிடிக்க வந்தவர், பிரதிகளை வாங்கிக்கொள்வதாக வீரர்கள் உறுதி தர வேண்டும் என்றார். யாரும் தரவில்லை. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அமெச்சூர்களின் மீது எனக்கு இருந்த மரியாதை இந்த ஓர் இடத்தில் மட்டும் சற்றுக் குறைகிறது.

நாளை லண்டன்.

ஐந்தாம் நாள், ரயிலிலும் ஓவலிலும்

டிக்கெட் விலையைப் பார்த்ததுமே குவீன்ஸ் பார்க்கின் பழைய கஷ்டம் புரிந்துவிட்டது.

1871இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எப்.ஏ. கோப்பைப் போட்டி தொடங்கியபோது கோப்பை செய்ய 20 பவுண்டு திரட்டினார்கள். குவீன்ஸ் பார்க் ஒரு கினி அனுப்பியது, அதாவது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். அவர்கள் வருமானத்துக்கு அது கொஞ்சநஞ்சப் பணமில்லை. போட்டியிலும் சேர்ந்தார்கள். எதிரணிகள் விலகியும் விதிவிலக்குக் கிடைத்தும், ஓர் ஆட்டம்கூட ஆடாமலே அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். அரையிறுதி லண்டனில், கென்னிங்டன் ஓவலில். ஊரில் சந்தா வசூலித்து ரயிலேறினார்கள். 1872 மார்ச்சில் வாண்டரர்ஸ் அணியோடு 0–0. மறு ஆட்டத்துக்குத் தங்கவும் காசில்லை, திரும்பி வரவும் காசில்லை. விலகிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வாண்டரர்ஸ் இறுதி ஆட்டத்துக்குப் போய்க் கோப்பையை வாங்கியது. ஒரு கினி கொடுத்துச் செய்த கோப்பையை, ரயில் கட்டணம் இல்லாமல் விட்டுவிட்டு வந்தார்கள்.

என் ரயில் வழியில் எங்கோ வயல்வெளியில் ஐம்பது நிமிடம் நின்றது. காரணம் சொன்னார்கள், புரியவில்லை. நின்ற நேரத்தில் ஒரு கேள்வி மனதைக் குடைந்தது. சம்பளம் வாங்காமல் ஆடுவது உயர்ந்தது என்று எழுதிக்கொண்டே வருகிறேன். யாரால் அப்படி ஆட முடிந்தது? நூற்பாலையிலும் சுரங்கத்திலும் நாள்கூலிக்கு இருந்தவன் வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. வடக்கு இங்கிலாந்தின் கிளப்புகள் மறைமுகமாகப் பணம் கொடுக்க ஆரம்பித்தது அதனால்தான். 1885இல் இங்கிலாந்தில் அது சட்டபூர்வமாகவே ஆனது. 'ஆடுவதற்காகவே ஆடுதல்' என்ற வாசகத்தின் அடியில், வீட்டில் சாப்பாட்டுக்குக் கவலையில்லை என்ற இன்னொரு வரியும் மறைந்திருக்கிறது.

ஓவலை அடைந்தபோது அந்தி. கிரிக்கெட் மைதானத்தின் வெளிச்சுவர், பக்கத்தில் பழைய எரிவாயுக் கலத்தின் இரும்புக் கூடு. 1881 மார்ச் 12 அன்று இங்கேதான் ஸ்காட்லாந்து 6–1 என்று வென்றது. சொந்த மண்ணில் இங்கிலாந்து இவ்வளவு மோசமாக வேறெப்போதும் தோற்றதில்லை. அன்று ஸ்காட்லாந்தின் கேப்டன், சுவரோவியத்தில் பார்த்த ஆண்ட்ரூ வாட்சன். அவருக்கு அதுதான் முதல் சர்வதேச ஆட்டம்.

மறு ஆண்டு 5–1. இந்த இரண்டு அடியையும் தாங்க முடியாமல், ஆங்கிலச் சங்கத்தின் துணைச் செயலாளர் என். எல். ஜாக்சன் 1882இல் கொரிந்தியன் என்று ஒரு கிளப் தொடங்கினார். நாட்டின் சிறந்த அமெச்சூர்கள் அடிக்கடி சேர்ந்து ஆடிப் பழகினால்தான் ஸ்காட்லாந்தை வெல்ல முடியும் என்பது கணக்கு. ஓர் அமெச்சூர் கிளப்பின் அடியில் பிறந்தது இன்னோர் அமெச்சூர் கிளப். அதன் வாரிசைப் பார்க்கத்தான் லண்டன் வந்தேன்.

ஆறாம் நாள், ரிச்மண்ட்

இன்று கால்பந்தே இல்லை. கல்லறைத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன்.

ரிச்மண்ட் கல்லறைத் தோட்டம் மிகப் பெரியது. ஒரு மணி நேரம் பெயர்களைப் படித்துக்கொண்டே திரிந்தேன். கடைசியில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர், நான் கேட்பதற்கு முன்பே "கால்பந்துக்காரரா?" என்றார். வழி காட்டினார்.

ஆண்ட்ரூ வாட்சன் 1921இல் பக்கத்திலுள்ள கியூ என்ற ஊரில் இறந்தார். பல காலம் அவர் ஆஸ்திரேலியாவில் செத்தார் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். கல்லறை சிதைந்து கிடந்தது. அண்மையில்தான் ஆர்வலர்கள் பணம் திரட்டிச் செப்பனிட்டார்கள்.

அவர் பிறந்தது 1856இல், பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவில். தந்தை ஸ்காட்லாந்துக்காரரான கரும்புத் தோட்ட முதலாளி, தாய் உள்ளூர்ப் பெண். தந்தை விட்டுப்போன சொத்தில் படித்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஓராண்டு இருந்தார். குவீன்ஸ் பார்க்கின் செயலாளராகவும் இருந்து ஆட்டங்களுக்கு ஏற்பாடு செய்தார். பிறகு லண்டன் வந்து, தன்னிடம் வாங்கிய அடியால் பிறந்த அதே கொரிந்தியன் அணியிலும் ஆடினார். 1884இல் எப்.ஏ. கோப்பையைக் கையில் வைத்திருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணியை 8–1 என்று கொரிந்தியன் நொறுக்கியபோது அவர் அந்த அணியில் இருந்தார். பின்னாளில் கப்பல் பொறியாளர் ஆனார்.

டெமராரா என்ற பெயரைக் கண்டதும் நம்மவர்களுக்கு வேறு நினைவு வர வேண்டும். அடிமைமுறை ஒழிந்த பிறகு அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு மதராஸிலிருந்து கப்பலேறிப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். கூலி என்ற நம் சொல் பல மொழிகளில் ஆளைக் குறிக்கும் சொல்லாகவே சுற்றிவந்ததற்கு அப்படிப்பட்ட கப்பல்களும் காரணம். வாட்சனின் தந்தைவழிக் குடும்பச் செல்வம் அதே வகைத் தோட்டங்களில், அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. அந்தச் செல்வம் இருந்ததால் அவர் கூலி வாங்காமல் ஆட முடிந்தது. கூலியே கொடுக்கப்படாமல் உழைத்தவர்கள் தாய்வழியில் அவருக்கு உறவாகவும் இருந்திருக்கக்கூடும்.

ஓவலின் கேப்டனைப் பார்க்க வந்தவன், இதை எண்ணிக்கொண்டு அந்தக் கல்லருகே நெடுநேரம் நின்றேன். கையில் பூ எதுவும் கொண்டுவரவில்லை.

ஏழாம் நாள், டால்வர்த்

வாட்டர்லூவிலிருந்து ரயில். லண்டனின் தென்மேற்கு விளிம்பில் நெடுஞ்சாலை இரைச்சலுக்குப் பக்கத்தில் கிங் ஜார்ஜ் பீல்ட். 1988 முதல் இது கொரிந்தியன்–காஷுவல்ஸ் கிளப்பின் வீடு. 1939இல் கொரிந்தியன்களும், 1883இல் பிறந்த காஷுவல்ஸ் கிளப்பும் இணைந்து உருவானது. சட்டை நிறம் சாக்லேட்டும் இளஞ்சிவப்பும். நேரில் பார்க்கும்வரை எனக்கும் நம்பிக்கையில்லை, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இவர்களின் பழம்பெருமையைச் சொல்லத் தொடங்கினால் முடியாது. 1894இலும் 1895இலும் வேல்ஸுக்கு எதிராக இங்கிலாந்து இறக்கிய பதினோரு பேரும் கொரிந்தியன்கள். 1904இல் மான்செஸ்டர் யுனைடெட்டை 11–3 என்று தோற்கடித்தார்கள். பரிசுக்கு ஆடுவதில்லை என்பது கிளப்பின் விதி, அதனால் எப்.ஏ. கோப்பையில் 1923 வரை கலந்துகொள்ளவே இல்லை. 1891இல் பெனால்டி விதி வந்தபோது அவமானமாக உணர்ந்தார்கள். கண்ணியமானவன் வேண்டுமென்று தவறு செய்வானா? தங்களுக்குப் பெனால்டி கிடைத்தால் பந்தை வெளியே அடித்துவிடுவார்கள், எதிரணிக்குக் கிடைத்தால் கோல்கீப்பர் ஒதுங்கி நிற்பார் என்று கதை. கேட்க இனிமையாக இருக்கிறது. ரயிலில் வந்த அந்தக் கேள்வி இங்கேயும் தொடர்கிறது: அவர்களில் பெரும்பாலோர் உயர்தரத் தனியார் பள்ளிகளிலும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜிலும் படித்தவர்கள். கோலை விட்டுக்கொடுப்பதால் யாருடைய அடுப்பும் அணையவில்லை.

அவர்கள் விதைத்தது எங்கெங்கோ முளைத்தது. 1910இல் பிரேசில் சுற்றுப்பயணம் போனார்கள். ஆட்டத்தைப் பார்த்த சாவோ பாவ்லோ தொழிலாளர்கள் சிலர் அதே பெயரில் ஒரு கிளப் தொடங்கினார்கள். அதுதான் இன்று கோடிக்கணக்கான ரசிகர்களைக் கொண்ட கொரிந்தியன்ஸ். கனவான்களின் பெயரைத் தொழிலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1988இல் டால்வர்த்காரர்கள் அங்கே ஆடப் போனபோது, பிரேசிலின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் சாக்ரட்டீஸ் தன் அணிக்காக ஆடிவிட்டு, நடுவில் சட்டையை மாற்றி இவர்கள் பக்கம் வந்து ஆடினார். 2015இல் மறுபடி அழைப்பு. சம்பளம் வாங்காத இந்த அணி, தொழில்முறை நட்சத்திரங்களை அவர்களின் புதிய மைதானத்திலேயே எதிர்கொண்டு 3–0 என்று தோற்றது.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் விதிகளில் அமெச்சூர் என்ற பிரிவே 1974இல் போய்விட்டது. ஆட்டம் முடிந்ததும் காலணிக்குள் காசு திணிக்கும் வழக்கம் ஊரறிந்த இரகசியமாகிவிட்டதால், பொய்யைத் தொடர்வானேன் என்று சங்கமே அந்தப் பிரிவினைக் கோடு இல்லாமல் செய்தது. எல்லோரும் கோட்டைத் தாண்டிய பிறகும் பல பத்தாண்டுகள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று ஆடியவர்கள் இவர்கள்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. சில நூறு பேர் வந்திருந்தோம். வாசலில் சீட்டுக் கிழித்தவரே பிறகு தேநீர்க் கடையிலும் நின்றார், இடைவேளையில் பரிசுச் சீட்டும் விற்றார். எனக்குப் பரிசு விழவில்லை. தரை சேறு. டால்வர்த்காரர்கள் ஒரு கோல் அடித்தார்கள், இரண்டு வாங்கினார்கள். கடைசி நிமிடங்களில் எதிரணியின் கோல் முன்னுள்ள பெனால்டி எல்லைக்குள் ஒருவர் விழ, என்னருகே நின்ற முதியவர் "பெனால்டி! பெனால்டி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நடுவர் அசையவில்லை. முதியவர் நடுவரைச் சொன்னதை இங்கே எழுத முடியாது. 1891இன் கனவான்கள் கேட்டிருக்க வேண்டும்.

திரும்பும்போது டால்வர்த் நடைமேடையில் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஈரத் தலை, காலடியில் பெரிய பை. ஆட்டத்தில் இடப்புறம் ஓடிக்கொண்டே இருந்தவர். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருக்கிறது போலும். காலை நீட்டிப் பிசைந்துகொண்டே தொலைபேசியில் பேசினார். நாளைக் காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்துவிடுவேன், மாற்று ஆள் வேண்டாம் என்று யாருக்கோ சொன்னார். பேசி முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்து, "மோசமான ஆட்டம்" என்றார். அப்படியில்லை என்றேன். நம்பாமல் தலையசைத்தார்.

ரயில் வந்தது. எழுந்திருக்க அவருக்கு ஒரு கை தேவைப்பட்டது. கொடுத்தேன். பையையும் நானே தூக்கிக்கொண்டேன். சேறு நனைந்த காலணிகள் உள்ளே, நல்ல கனம்.